வரப்போரம் வீசப்படும் எலும்புகள்

தேனி மாவட்டத்துச் சம்சாரிகளுக்கும், ஜேசிபி ஓட்டுநர்களுக்கும், கிணறு வெட்டும் தொழிலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



வருசநாட்டிலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும், கூடலூரிலிருந்து வீரபாண்டி வரைக்கும் இந்த மாவட்டத்து மண்ணை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. திராட்சைப் பந்தலுக்குக் கல்கால் ஊன்றக் குழி எடுப்பது, மேட்டு நிலத்தைச் சமப்படுத்துவது, சொட்டுநீர்க் குழாய் பதிக்க மண்ணைப் பறிப்பது, செங்கல் சூளைக்கு மண் அள்ளுவது எல்லாம் உங்கள் அன்றாட வேலை. அந்த வேலைக்கு நடுவே ஒரு முதுமக்கள் தாழி தட்டுப்பட்டால் அதை முதலில் பார்ப்பவர்களும் நீங்கள்தான். அதன்பின் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஊர் கூடும். உள்ளே புதையல் இருக்குமோ என்று தாழியை உடைத்து மண்ணைக் கொட்டிப் பார்ப்பார்கள். கறுப்பு சிவப்புக் கலயம் முழுசாக இருந்தால் யாராவது எடுத்து வைத்துக்கொள்வார்கள். துருவேறிய கத்தித் துண்டு கிடைத்தால் இரண்டு நாள் அதையே பேசுவார்கள். அடியில் கிடந்த எலும்புத் துணுக்கும் பல்லும் மண்ணோடு மண்ணாக வரப்போரம் போய்விடும். நான் சொல்ல வந்தது இதுதான்: அப்படிப் போகிற எலும்புதான் அந்தத் தாழிக்குள் இருப்பவற்றிலேயே விலைமதிப்பில்லாதது. கலயத்தைப் போல ஆயிரம் கலயம் கிடைக்கும். கத்தியைப் போல நூறு கத்தி கிடைக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஒரு சாதாரண மனிதன் எப்படி உண்டான், எப்படி உழைத்தான், எதில் நோவுபட்டான் என்பதை அந்த எலும்பைத் தவிர வேறெதுவும் நேரே சொல்லாது.

புலிமான்கோம்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டிபட்டி வட்டத்து அந்தச் சிற்றூரில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தார்கள். நாட்டிலேயே மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்கள் என்று அறிஞர்கள் அவற்றைப் போற்றுகிறார்கள். அவற்றில் ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், உயிர்விட்ட தீயன் அந்தவன் என்பவனுக்காக நட்ட கல். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் இறந்த ஒருவனின் பெயர் நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் அந்தக் கல் ஒருவனின் சாவைத்தான் சொல்கிறது. அவன் வாழ்வைச் சொல்லவில்லை. அவன் கவரப்போன மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தவன் யார், அவன் வீட்டுப் பெண்கள் என்ன வேலை செய்து தேய்ந்தார்கள், அவன் ஊரில் பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பல் முளைத்து நடந்தார்கள் என்பதற்கெல்லாம் கல்லில் இடமில்லை. நடுகல் வீரனுக்கு மட்டுமே எழும். மற்றவர்களின் வரலாறு அவர்கள் உடம்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

தாழிக்குள் வைத்த பொருள்கள் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு நெல்லே சாட்சி. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில் ஓர் ஈமச்சின்னத்துக்குள் நான்கு கால் வைத்த சாடியில் இரண்டு கிலோ அளவுக்கு நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் வந்ததை 2021-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். இரண்டும் பெரிய கண்டுபிடிப்புகள். ஆனாலும் அது செத்தவருக்கு வைத்த நெல். படையலில் நாம் இன்றும் வைப்பது தினம் தின்கிற சோறில்லை, வீட்டில் இருப்பதில் உசத்தியானது. அன்றும் அப்படித்தான் இருந்திருக்குமா, அல்லது நெல்தான் அன்றாட உணவா என்பதைச் சாடி சொல்ல முடியாது. எலும்பும் பல்லும் சொல்லும். நெல்லும் பயறும் காற்றிலுள்ள கரியை ஒரு விதமாக உள்வாங்குகின்றன. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை, வரகு எல்லாம் இன்னொரு விதமாக உள்வாங்குகின்றன. இரண்டிலும் கனமான கரியணுவின் விகிதம் வேறுபடும். எதைத் தின்றோமோ அந்த விகிதம் பல்லிலும் எலும்பிலும் நின்றுவிடும். புல் மேய்ந்த மாட்டின் பாலும் கறியும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் குழப்பும் என்பது உண்மைதான். ஆனாலும் ஓர் ஊரில் இருபது முப்பது பேரின் பற்களை ஒப்பிட்டால் யார் நெல் தின்றார்கள், யார் புன்செய்த் தானியம் தின்றார்கள் என்ற கேள்விக்கு விடை நெருங்கிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் இன்று 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது என்றால் அது 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் தந்த வாழ்வு. அந்தத் தண்ணீர் வருவதற்கு முந்தைய பள்ளத்தாக்கு எதைத் தின்று உயிர் வாழ்ந்தது என்பது நமக்குத் தெரிய வேண்டிய சங்கதி இல்லையா?

ஒரே ஒரு பல்லைக் கையில் வைத்துப் பார்ப்போம். மேல்வரிசை முன்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேர் மக்கிப் பொடிந்திருக்கும். மேலே உள்ள எனாமல் மட்டும் பளபளப்புக் குறையாமல் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குறுக்கே மெல்லிய பள்ளமாக ஒரு வரி தெரியலாம். நகத்தால் தடவினால் தட்டுப்படும். அந்த வரி நோயின் தடம், அல்லது பசியின் தடம். நிலைத்த முன்பல்லின் எனாமல் குழந்தை பிறந்து சில மாதத்தில் ஈறுக்குள் உருவாகத் தொடங்கி நான்கைந்து வயதில் முடிகிறது. இடையில் கடுமையான காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ பஞ்சமோ வந்தால் அந்த வளர்ச்சி சில நாள் நின்றுவிடும். எலும்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும், எனாமல் அப்படிச் செய்யாது. ஆகவே அந்தத் தடை ஆயுள் முழுவதும் பல்லில் இருக்கும், செத்த பின்னும் இருக்கும். வரி பல்லின் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்தால் எந்த வயதில் அந்தப் பிள்ளை துன்பப்பட்டது என்றுகூட ஏறக்குறையச் சொல்லிவிடலாம். பால்குடி மறக்கும் வயதில் ஊரில் பலருக்கும் இந்த வரி விழுந்திருந்தால், தாய்ப்பாலுக்குப் பிறகு கிடைத்த கஞ்சி போதவில்லை என்று புரியும். புனே மாவட்டத்து இனாம்காவ் ஊரில் டெக்கான் கல்லூரி 1968 முதல் பல ஆண்டு தோண்டியபோது வீட்டுத் தரைக்கடியில் குழந்தைகளைச் சாடிகளில் வைத்துப் புதைத்திருந்தது தெரியவந்தது. அந்தப் பிஞ்சு எலும்புகளை ஆராய்ந்தவர்கள், பிற்காலத்தில் அந்த ஊர் நொடித்தபோது குழந்தைகளின் வளர்ச்சி குன்றியதை எடுத்துக்காட்டினார்கள். ஓர் ஊரின் சரிவைப் பானையில் பார்ப்பதற்கும் பிள்ளைகளின் எலும்பில் பார்ப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு!

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பல்லில் வரி இருப்பவன் நோஞ்சான், இல்லாதவன் சுகவாசி என்று முடிவு கட்டக்கூடாது. நோய் வந்த உடனே இறந்த குழந்தையின் பல்லில் வரி விழ நேரமிருந்திருக்காது. வரி விழுந்தவன் நோயோடு போராடிப் பிழைத்தவன். எலும்பில் நோயின் தடம் கூடுவதும் அப்படித்தான், நீண்ட நாள் தாங்கிய உடம்பின் அடையாளமாக அது இருக்கலாம். இதை எலும்பாய்வாளர்களே 1992-இலிருந்து விவாதித்து வருகிறார்கள். அதனால்தான் ஒரு தாழி போதாது. ஓர் ஈமக்காட்டில் உள்ள சிறியவர் பெரியவர் எல்லோரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்தில் ஒன்பதை உடைத்துவிட்டு ஒன்றைக் காப்பாற்றினால் அந்த ஒன்றும் பாதிதான் பேசும்.

உழைப்பின் தடத்துக்கு உலகின் மறுபக்கத்திலிருந்து ஒரு சான்று தருகிறேன். அமெரிக்காவின் தென்மேற்கில் நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா மாநிலங்கள் சந்திக்கும் வறண்ட நிலத்தில் புயெப்லோ மக்களின் முன்னோர் கல்வீட்டு ஊர்கள் எழுப்பி வாழ்ந்தார்கள். எழுத்து இல்லாதவர்கள், மக்காச்சோளத்தை நம்பியவர்கள். அவர்கள் தின்ற மாவில் அரைகல்லின் மணல் கலந்திருந்ததால் பற்கள் இளவயதிலேயே தேய்ந்திருந்தன. மாவுச்சத்து மிகுந்த உணவால் சொத்தைப் பல் பெருகியிருந்தது. அரைக்கும் உழைப்பும் எலும்பில் பதியும். சிரியாவில் அபு ஹுரேரா என்ற இன்னும் பழைய ஊரில் பெண்களின் கால் பெருவிரல் மூட்டிலும் முழங்காலிலும் கீழ்முதுகெலும்பிலும் ஒரே மாதிரியான தேய்வு கண்டார்கள்: மண்டியிட்டு, விரலை ஊன்றி, நாள்தோறும் மணிக்கணக்கில் தானியம் அரைத்த உடம்பின் தேய்வு. நம் ஊரில் அம்மியும் திருகையும் உரலும் உலக்கையும் யார் கையில் இருந்தன என்று தெரியும். ஆனால் எந்தக் காலத்திலிருந்து, எந்த வயதிலிருந்து, எவ்வளவு கடுமையாக என்பது தாழிக்குள் இருக்கும் மூட்டுகளைப் பார்த்தால்தான் தெரியும். புயெப்லோ ஊர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூ மெக்சிகோவின் லா பிளாட்டா பள்ளத்தாக்கில் சில பெண்களின் மண்டையோட்டில் அடிபட்டு ஆறிய பள்ளங்கள் பல இருந்தன. மற்றவர்களைப் பாயும் பானையும் வைத்து அடக்கம் செய்த அதே ஊரில் இந்தப் பெண்களைக் கைவிட்ட குழிவீடுகளில் ஒன்றும் வைக்காமல் கிடத்தியிருந்தார்கள். பிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்களாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. எழுத்தும் கதையும் மறந்துபோன ஒரு கொடுமையை எலும்பு மறக்கவில்லை. கூடலூர்ப் பூசலில் மடிந்த அந்தவனுக்குக் கல் இருக்கிறது. அப்படிப்பட்ட பூசல்களில் அடியைத் தடுக்கக் கை உயர்த்தி முன்கை எலும்பு முறிந்தவர்களுக்கு எது இருக்கிறது?

உங்களிடமிருந்து வரக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். முதலில், நம் பக்கத்துக் கதை. சாவு வராத கிழடுகளை மதமதக்கத் தாழியில் சோறும் விளக்கும் வைத்து உயிரோடு இறக்கிவிடுவார்கள் என்று பாட்டிமார் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கதையாக அது இருந்துவிட்டுப் போகட்டும். தமிழகத்துத் தாழிகளில் கிழவர்கள் மட்டும் இல்லை, நடுவயதினரும் இளையவரும் குழந்தைகளும் இருக்கிறார்கள். பல தாழிகளில் முழு உடம்பே இல்லை. வேறெங்கோ கிடத்தியோ எரித்தோ, பின்னர் பொறுக்கியெடுத்த சில எலும்புகளை மட்டும் வைத்து மூடியிருக்கிறார்கள். உயிரோடு இறக்கியிருந்தால் அப்படி இருக்க வழியில்லை. அந்தப் பழிச்சொல்லிலிருந்து நம் மூத்தோரை விடுவித்ததும் எலும்புதான்.

அடுத்தது: நம் வெயிலுக்கும் மழைக்கும் எலும்பு எங்கே நிற்கிறது, கிடைப்பதெல்லாம் பொடி, அதை வைத்து என்ன செய்ய என்பது. நியாயமான கேள்வி. வெப்பம் மிகுந்த மண்ணில் எலும்பின் புரதம் சீக்கிரம் அழியும். ஹரியானாவிலுள்ள சிந்துவெளி நகரமான ராகிகடியில் 60-க்கும் மேற்பட்ட மாதிரிகளை முயன்று, 2019-இல் வெளியான ஆய்வில் ஒரே ஒருவரின் மரபணுவைத்தான் எடுக்க முடிந்தது. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் பாடம், பொடியை வீசலாம் என்பதில்லை, ஒரு துணுக்கைக்கூட வீசக்கூடாது என்பதுதான். காதுக்குள் இருக்கும் கெட்டி எலும்பு சுண்டுவிரல் நுனி அளவுதான். மரபணு தங்கியிருக்க அதிக வாய்ப்புள்ள இடம் அது. எனாமல் கல்லைப் போல் தாங்கும். பல்லில் படிந்த காரைக்குள் தின்ற உணவின் மாவுத்துகள் சிக்கியிருக்கும். வயிற்றுப் பகுதியிலிருந்த மண்ணில் குடற்புழு முட்டைகள்கூடத் தங்கியிருக்கும். பல் உருவான காலத்தில் குடித்த தண்ணீரும் தின்ற தானியமும் எந்தப் பாறைநிலத்தைச் சேர்ந்தவை என்பதை ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் காட்டிக்கொடுக்கும். மலைக்கு அந்தப் பக்கம் பிறந்து குமுளிக் கணவாய் வழியாக வந்து இங்கே குடியேறிச் செத்தவர் உண்டா என்ற கேள்விக்கு விடை ஒரு கடைவாய்ப்பல்லில் இருக்கக்கூடும். நல்லெண்ணத்தோடு எலும்பைக் கழுவித் துடைத்துப் பள்ளிக்கூட அலமாரியில் வைக்கிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: கழுவிய தண்ணீரோடு பாதிச் செய்தி போய்விடுகிறது.

செத்தவர்களை நிம்மதியாக விடக்கூடாதா என்பது எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் புயெப்லோ போனிட்டோ என்ற பெருமனையின் 33-ஆம் அறையில் 1896-இல் எடுத்த எலும்புகள் நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2017-இல் அவற்றின் மரபணுவை ஆராய்ந்து, 300 ஆண்டுக்கு மேலாக ஒரே தாய்வழியினர் அங்கே அடக்கம் பெற்றதாகச் சொன்னார்கள். அருமையான முடிவு. ஆனால் இன்று வாழும் புயெப்லோ மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற கண்டனமும் கூடவே வந்தது. எலும்புகளைச் சந்ததியினரிடம் திருப்பித் தர வேண்டும் என்று அமெரிக்கா 1990-இலேயே சட்டம் இயற்றியிருந்தது. பிறகு பிக்குரிஸ் புயெப்லோ மக்கள் தாங்களே முன்வந்து மரபணு ஆய்வு நடத்தக் கேட்டு, தங்கள் மேற்பார்வையில் நடத்தி, 2025-இல் அது வெளிவந்தது. மரியாதையும் ஆய்வும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நம் இடத்திலும் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் முன்னிலையில் தோண்டி, தெரிந்ததை ஊரிலேயே வந்து சொல்லி, ஆய்வு முடிந்தபின் எலும்பை எங்கே வைப்பது என்று ஊரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஜேசிபி பக்கெட் தாழியைப் பிளந்த பிறகு நிம்மதி என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த எலும்புக்கு மிச்சமிருக்கும் மரியாதை, அது சொல்வதை ஒருவர் கேட்பதுதான்.

இந்த எலும்பு எங்கள் சாதிக்காரர் எலும்பு என்று நாளைக்கு யாராவது கொடி பிடித்தால் என்ன செய்வது என்ற அச்சத்தையும் ஒதுக்க முடியாது. எலும்பாய்வின் பழைய கணக்கில் கறை உண்டு. ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டில் 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின; 1899 முதல் அலெக்சாண்டர் ரீ எடுத்த மண்டையோடுகளை அளந்து 1930-இல் உடற்கூற்றியலாளர் சக்கர்மேன் எழுதினார். மண்டையோட்டின் நீள அகலத்தை வைத்து மனிதரை இனம் பிரிப்பதே அப்போது மானிடவியலின் பெரிய வேலையாக இருந்தது. தலையின் வடிவம் ஒரே தலைமுறையில் சூழலால் மாறக்கூடியது என்று மானிடவியலாளர் போவாஸ் அதற்கு முன்பே காட்டியிருந்தும் அந்த மோகம் தீரவில்லை. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகள் இரண்டுக்கு 2025-இல் லிவர்பூலில் முகம் வரைந்து வெளியிட்டபோதும் நம் பேச்சு, முகம் யார் சாயலில் இருக்கிறது என்பதிலேயே சுற்றியது. எனக்கு அதில் வருத்தமுண்டு. தோலின் நிறம் எலும்பில் நேரே எழுதியிருப்பதில்லை. சாதி எந்த எலும்பிலும் இல்லை. பசியும் பாரமும் பிள்ளைப்பேறும் முறிவும் இருக்கின்றன. தாழிகளைத் தங்கள் பெருமைக்குச் சாட்சியாக இழுப்பவர்களை எதிர்கொள்ள நமக்கு இருக்கும் ஆயுதமும் அதுதான்.

நிலம் போய்விடும் என்ற பயம்தான் உண்மையில் பல தாழிகளை இரவோடு இரவாக மூடச் செய்கிறது என்று நினைக்கிறேன். மண்ணுக்குள் கிடைக்கும் மதிப்புள்ள பழம்பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். தெரிவித்ததால் மட்டும் நிலம் கைமாறுவதில்லை. ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க 1958-ஆம் ஆண்டு மையச் சட்டப்படி இரண்டு மாத அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். அப்படி அறிவித்துவிட்டால் சுற்றிலும் 100 மீட்டருக்குக் கட்டடம் கட்டத் தடை வரும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் தாழி கிடைத்த ஒவ்வொரு தோட்டமும் அந்த நிலைக்குப் போவதில்லை. கீழடியிலேயே தனியார் தென்னந்தோப்புகளில் உரிமையாளர் சம்மதத்தோடு குழி போட்டு, பதிவு செய்து, மண்ணை நிரப்பித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் நட்டம் வேறிடத்தில் இருக்கிறது. வண்டி நின்றால் மணிக்கணக்கில் வாடகை ஓடும், கூலி போகும், நடவு தள்ளும். அந்தச் செலவைச் சம்சாரி தலையிலும் ஓட்டுநர் தலையிலும் கட்டிவிட்டு வரலாற்றைக் காப்பாற்றுங்கள் என்று உபதேசம் செய்வது நியாயமில்லை. தகவல் வந்த இரண்டு மூன்று நாளில் தொல்லியல் துறை ஆள் அனுப்பவும், நின்ற வேலைக்கு ஈடு கொடுக்கவும் அரசு வழி செய்ய வேண்டும். இதற்காக நீங்கள் குரல் கொடுத்தால் கூடவே நிற்பேன்.

தேனியில் இதற்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றால், வைகையின் தலைமாடு இது. 2013-14-இல் மத்தியத் தொல்லியல் துறை அமர்நாத் ராமகிருஷ்ணன் தலைமையில் வைகையின் இரு கரையையும் மலையடிவாரத்திலிருந்து கடல்வரை நடந்து பார்த்தபோது 293 இடங்களில் தொல்லெச்சங்கள் தெரிந்தன. அதில் ஒன்றுதான் கீழடி. அதன் ஈமக்காடான கொந்தகைத் தாழிகளின் எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆராய்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் செங்கல் கட்டடமும் உறைகிணறும் கண்ட மக்களின் உடம்பையும், மேலே மலையோரம் மாடு மேய்த்துப் புன்செய் உழுதவர்களின் உடம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் யார் நன்றாக வாழ்ந்தார்கள் என்று தெரியும். நகரம் வந்ததால் வயிறு நிறைந்ததா, நோய் பெருகியதா என்பதும் அப்போதுதான் விளங்கும். கீழ்ப்பக்கத்துச் சான்று சேர்ந்துகொண்டிருக்கிறது. மேல்பக்கத்துச் சான்று உங்கள் தோட்டங்களில் இருக்கிறது.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். தாழி விளிம்பு தெரிந்ததும் பக்கெட்டை உயர்த்தி வண்டியைப் பின்னால் எடுங்கள். கையை உள்ளே விடாதீர்கள், மண்ணைக் கொட்டாதீர்கள், கழுவாதீர்கள். ஏற்கெனவே உடைந்திருந்தால் சிதறியதை அந்த மண்ணோடு சேர்த்து அதே இடத்தில் விடுங்கள். செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் வரும்வரை ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடி வையுங்கள்.